கூட வந்தவரின் விரல்

"இன்னுங்கொஞ்சம் மேல தள்ளுங்க அம்மணி. போதும். போதும்னா, இன்னுங்கொஞ்சம்."

விரல் கம்ப்யூட்டர் திரைக் கண்ணாடியில் போய் முட்டியது. ஹுமேரா எழுத்தை மேலே தள்ளினாள். விரல் அங்கேயே நின்று யோசித்தது.

"பழையபடியே இருக்கட்டுங்க."

இந்த விரலுக்குச் சொந்தக்காரரை உங்களுக்குத் தெரியும். இவர் வாடிக்கையாளர் அல்ல, கூட வந்தவர். சட்டைத்துணி எடுக்கப் போனால் பக்கத்தில் நின்று துணியைக் கசக்கிப் பார்ப்பவர், பழைய மொபெட் வாங்கப் போனால் டயரை எட்டி உதைப்பவர், பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியில் உப்பு போதவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் சொல்பவர், எல்லாரும் இந்த இனம்தான். கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வந்து பத்திரிகை, நோட்டீசு, விசிட்டிங் கார்டு எல்லாம் கண்ணெதிரே உருவாகத் தொடங்கியதும் இவர்களுக்குப் புதிதாக ஒரு மேய்ச்சல் நிலம் கிடைத்தது. ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் கம்பாசிட்டரிடம் போய் "இதக் கொஞ்சம் மேல தள்ளு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சொன்னவர் யாரும் இரண்டாம் முறை சொன்னதில்லை. கம்ப்யூட்டர் சாது. எத்தனை முறை தள்ளினாலும் தள்ளும்.

இன்றைக்குக் கூட வந்திருப்பவர் அழகிரிசாமி. வாடிக்கையாளர் நஞ்சப்பன், அவருடைய அக்கா வீட்டுக்காரர், சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விசேஷம், நஞ்சப்பனின் மகள் இனியாவுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அழகிரிசாமி தாய்மாமன். அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசினால் மடியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நஞ்சப்பன் பயந்திருக்க வேண்டும்.

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க மாமா, உங்க இஷ்டந்தான்," என்றார் அழகிரிசாமி.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாப்ளே," என்றார் நஞ்சப்பன்.

அதற்குப் பிறகு யார் தடுக்க முடியும்?

"இந்த எடம் ஏனுங்க சும்மா கெடக்குது?"

அது எழுத்துகள் மூச்சு விடுவதற்காக ஹுமேரா விட்டிருந்த இடம். அங்கே ஒரு கலசம் வந்தது. கலசம் தனியாக நிற்கிறது என்று இரண்டு பக்கமும் வாழைமரம் வந்தது. வாழைமரத்துக்குக் கீழே ஒரு மயில், எதிரே பார்க்க இன்னொரு மயில், மேலே மாவிலை, ஓரத்தில் கைகூப்பிய பெண், எல்லாம் ஒரே படச் சிடியில் கிடைக்கிறபோது ஏன் விட வேண்டும்? "டிசைனுன்னா கண்ணப் புடிச்சு இழுக்கோணும்," என்றார். இப்போது கண்ணை அது எட்டுத் திசையிலும் இழுத்தது.

மாடியிலிருந்து ஷாஹுலின் குரல் வந்தது. "ஹுமேரா, வெயில் எறங்குது."

அவள் அண்ணன். கோட்டைமேட்டில் தன் வீட்டு மாடியிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவன். ஃபிலிம் எடுக்க வசதி கிடையாது, ஒளி காட்ட விளக்குப்பெட்டி கிடையாது. சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, அதில் தேங்காயெண்ணெய் தடவினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை மருந்து பூசிய வலைமேல் படிய வைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட மருந்து இறுகிவிடும்; கறுப்பு எழுத்து மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கழுவும்போது, மை இறங்க வழியாகத் திறந்துகொள்ளும். வெயிலுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. ஆனால் அது யாருக்காகவும் நிற்பதுமில்லை.

நஞ்சப்பன் நாளைக் காலை பஸ்ஸில் உடுமலைப்பேட்டை போக வேண்டும். குலதெய்வம் கோயிலில் முதல் கார்டை வைத்துவிட்டு அப்படியே சொந்தக்காரர்களை அழைக்க வேண்டும். போன இரண்டு வேலைகளும் கூட வந்தவர்களால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிருந்தன. கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஹுமேரா. கையால் ஸ்டென்சில் வெட்டுவதே போதும் என்றவன் ஷாஹுல். "இதுவும் நாளைக்குன்னு ஆச்சுன்னா துணியப் போட்டு மூடிற வேண்டியதுதான், நீ பழையபடி கவருக்குப் பசை தடவு," என்று காலையில் சொல்லிப்போட்டான். மூடுவதற்கான துணி, மடித்தபடி, மானிட்டர்மேல் தயாராக இருந்தது.

ஹுமேரா தன் கடைசி உபாயத்தை எடுத்தாள். வண்ணப் பட்டியலைத் திறந்து, "கலரு பாக்கறீங்களாண்ணா?" என்றாள். அச்சு ஒரே நிறம், குங்குமச் சிவப்பு. ஆனாலும் கூட வந்தவரிடம் வண்ணத்தைக் கொடுத்துவிட்டால் எழுத்துப் பக்கம் வரமாட்டார். அழகிரிசாமி மயில் கழுத்துக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே நெடுநேரம் அலைந்தார். பிறகு அவர் விரல் தானாகவே தன் பெயரிடம் திரும்பி வந்தது. "தாய்மாமன்" என்பதற்கு நேர் கீழே, குழந்தையின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக, "அழகிரிசாமி".

"எல்லாம் இருக்குது அம்மணி. ஆனா என்னமோ ஒண்ணு இல்லீங்க."

என்ன இல்லை என்று இந்த இனத்தில் எவரும் சொன்னதில்லை. அவர் எழுந்து நடந்தார். ஜன்னலோரக் கொடியில் வேறொரு வேலைக்காக எண்ணெய் தடவிய தாள் தொங்கியது. கூட வந்தவர் தொடாமல் விட்ட பொருள் உலகத்தில் உண்டா? தொட்டார். மோந்தும் பார்த்தார்.

"இது பொள்ளாச்சி எண்ணெய் இல்லியே அம்மணி."

"கடையெண்ணெய்ங்கண்ணா."

"அதான் பாத்தேன்."

திரும்பி வந்து, "பேருக்குப் பின்னால..." என்று விரலைத் தன் பெயர்மேல் வைத்து இழுத்தார். எண்ணெய் கண்ணாடியில் பரவியது. திரை வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, அழகிரிசாமி என்ற பெயரைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் எழுந்தது.

ஹுமேரா துடைப்பதற்குத் துப்பட்டா நுனியை எடுத்தாள்.

"தொடாதீங்க," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "இதத்தானுங்க நான் மொதல்லருந்து சொல்லிட்டிருந்தேன். மாமா, இங்க வந்து பாருங்க."

நஞ்சப்பன் வந்து பார்த்தார். "வெளிச்சமாட்ட இருக்குதுங்க மாப்ளே."

"அது அச்சுல வருமான்னு சொல்ல முடியாதுங்கண்ணா," என்றாள் ஹுமேரா. அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வரும். வராம எங்க போகும்?"

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் கைப்பிடிச்சுவர் வரை ஏறிவிட்டிருந்தது. அவள் துப்பட்டாவை விட்டாள். "அப்ப பிரிண்ட் எடுத்துறலாங்களா?"

"எடுங்க. இனி ஒண்ணும் மாத்தாதீங்க. மாத்துனீங்கன்னா கெட்டுப் போயிரும்."

ஹுமேரா தாளை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். மாடியில் வெயில் தரையை விட்டுப் போயிருந்தது. ஷாஹுல் தாளில் எண்ணெய் தடவி, வலைமேல் படிய வைத்து, வலைச் சட்டத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மூடியில் வைத்தான். அங்கே இன்னும் ஒரு துண்டு வெயில் மிச்சம் இருந்தது. அது மெலிந்த வெயில். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நிழல் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஷாஹுல் சட்டத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினான். கலசம் திறந்தது. இனியா திறந்தாள். மயில்களின் தோகை பாதிதான் திறந்தது. அழகிரிசாமி முழுசாகத் திறந்தார்.

மறுநாள் காலையில் நஞ்சப்பனும் அழகிரிசாமியும் வந்தார்கள். மஞ்சள் அட்டையில் குங்குமச் சிவப்பு எழுத்து காய்ந்திருந்தது. நஞ்சப்பன் ஒரு கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழகிரிசாமி ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்தார், நிமிர்த்தினார், திரும்பச் சாய்த்தார். "லேசா வந்திருக்குது. இப்பிடிப் புடிச்சாத் தெரியும் பாருங்க மாமா," என்றார். நஞ்சப்பன் அப்படிப் பிடித்துப் பார்த்து, "ஆமாங்க மாப்ளே," என்றார். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். ஷாஹுலும் ஒரு கார்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். மானிட்டர்மேல் இருந்த துணியை எடுத்து ஹுமேராவிடம் கொடுத்து, "கண்ணாடியத் தொடச்சிரு," என்றான்.

அணைந்திருந்த திரையில் விரல் தடங்கள் நன்றாகத் தெரிந்தன. நடுவில் பெரிதாக இருந்தது அழகிரிசாமியுடையது. மற்றவை அதற்கு முன் வந்தவர்களுடையவை. போன வாரம் நண்பரின் கடைத்திறப்பு நோட்டீசுக்கு நீங்களும் கூடப் போயிருந்தீர்கள் அல்லவா? வலது மூலையில் ஒன்று இருந்தது. ஹுமேரா அதையும் துடைத்தாள்.