மூன்றாவது தடவை

பனி கொட்டும் எங்கள் மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். மாடுகளைவிடக் காற்று அதிகம். வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை "ஐயோ, வேண்டாம்" என்போம். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் "சரி, கொஞ்சமா" என்று வாங்கிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக்குக் கூடும்போது தட்டில் கடைசியாக ஒரு கேக் துண்டு மிஞ்சும். அதை யாரும் முழுசாக எடுக்க மாட்டோம். ஒருவர் பாதியாக வெட்டி எடுப்பார். இன்னொருவர் மீதியில் பாதியை எடுப்பார். முடிவில் எறும்புக்குக்கூடப் போதாத ஒரு துணுக்கு தட்டில் காய்ந்து கிடக்கும். எங்களுக்கு அதில் பெருமை உண்டு.

இந்த உயர்ந்த பண்பாட்டை உரிய முறையில் பயன்படுத்திக்கொண்ட புண்ணியம் தலைநகரத்து அதிகாரிகளையே சேரும். வசதியில்லாதவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைக் குறைப்பதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. குறைப்பேன் என்று மேடைக்கு மேடை சொன்னவருக்குத்தான் நாங்களும் ஓட்டுப் போட்டிருந்தோம். வேறு யாருக்கோ குறைப்பார் என்று நினைத்திருந்தோம். ஆனால் கையில் இருப்பதைப் பிடுங்கினால் கெட்ட பெயர் வருமே! ஆகவே 'தன்மான மீட்புத் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, அரசு யாருடைய காப்பீட்டையும் ரத்து செய்யாது. வேண்டுமா என்று அன்போடு கேட்கும், அவ்வளவுதான். அன்போடு கேட்பதற்காக ஒரு இயந்திரத்தை வாங்கி டெலிபோனில் பொருத்தினார்கள்.

அது எங்கள் ஊர் பால்மர் ஹாகரூட் வீட்டுக்கு அழைத்தபோது, அவர் புண் பிடித்த இடது காலை ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பல வருஷச் சர்க்கரை வியாதி. எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வாராவாரம் புண்ணைச் சுத்தம் செய்து கட்டிவந்ததால்தான் அந்தக் கால் இன்னும் அவரோடு இருந்தது.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்றது இயந்திரம், ஒரு பெண் குரலில்.

"இருக்கேம்மா. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு மருத்துவக் காப்பீடு தொடர்ந்து வேண்டுமா?"

"ஐயோ, எனக்கு எதுக்கு? என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க."

"நன்றி" என்று சொல்லி அது வைத்துவிட்டது.

பால்மர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன, போனைப் பிடிச்சுட்டே இருக்க?" என்றாள் மனைவி வெர்னா.

"இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமே."

"கேக்கலயா?"

"பாவம், வேலை ஜாஸ்தி போல. திரும்பக் கூப்பிடுவாங்க."

கூப்பிடவில்லை. மாவட்டம் முழுக்க இதே கதைதான். மூச்சிரைப்புக்காரரும் வேண்டாம் என்றார், மாசமாக இருந்தவளும் வேண்டாம் என்றாள். எங்கள் மாவட்டத்தில் நோய் அறவே ஒழிந்துவிட்டதாகத் தலைநகரம் அறிவித்தது. நோயே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எதற்கு? மூடிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவு, அதுவும் சாலையில் பனி இல்லாத நாளில். மாட்டு டாக்டரை மட்டும் யாரும் தொடவில்லை. மாடுகள் எங்களைப் போல நாகரிகம் தெரிந்தவை அல்ல, வலித்தால் கத்திவிடும்.

புண் பெரிதாகிக்கொண்டே போனது. வெர்னா விடாமல் தலைநகரத்துக்குப் போன் போட்டாள். கடைசியில் மறுபரிசீலனை செய்ய மேடக்ஸ் என்ற அதிகாரி நேரில் வந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊரே கூடியது. அவர் வந்ததும் முதல் காரியமாகத் தட்டில் இருந்த கடைசி கேக் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வெட்டவே இல்லயே!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"உங்க தன்மானத்துக்கு அரசு தலைவணங்குது" என்றார் மேடக்ஸ், விரலைத் துடைத்துக்கொண்டே. "இருந்தாலும் விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. காப்பீடு யாருக்கெல்லாம் வேணும்? கை தூக்குங்க."

எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தோம். எனக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும். அதற்காக நாலு பேர் முன்னால் கை தூக்குவதா?

"ரொம்ப மகிழ்ச்சி" என்று மேடக்ஸ் பையை எடுத்தார்.

போதகர் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார். "சார், எங்க ஊர்ல மூணு தடவை கேக்கணும்."

"ஒரே கேள்விய மூணு தடவையா? அது வற்புறுத்தல் இல்லயா? மக்கள வற்புறுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"ஒருக்கா மட்டும் இன்னும் கேளுங்க சார். புண்ணியமாப் போகும்."

"சரி, சிறப்புச் சலுகையா கேக்கறேன். யாருக்காவது காப்பீடு வேணுமா?"

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்றார் பால்மர். அவருடைய புண் கால் இருந்த பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்றம் அப்படி.

நாங்கள் எல்லோரும் மூன்றாவது தடவைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். 'சரி, கொஞ்சமா' என்பது ஒவ்வொருவர் நாக்கு நுனியிலும் தயாராக நின்றது. மேடக்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணும்!"

வெர்னாதான். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றாள்.

"இந்த மனுஷனோட காலு அழுகுது. தினமும் கட்டுப் பிரிக்கிறவ நான். எங்களுக்குக் காப்பீடு வேணும். நர்ஸ் வேணும். ஆஸ்பத்திரி வேணும். பாதியா வெட்டின துண்டு இல்ல, முழுசா வேணும்!"

பால்மர் வெட்கத்தில் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எங்களுக்கும் உடம்பு கூசியது. எங்கள் ஊரில் ஒரு பெண் 'வேணும்' என்று கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

மேடக்ஸ் கதவில் கைவைத்தபடி திரும்பினார். "வேற யாருக்காவது வேணுமா?"

யோசித்துப் பார்த்தால் அதுதான் மூன்றாவது தடவை. முறைப்படி நாங்கள் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் வெர்னா அப்படிக் கத்திய பிறகு கை தூக்கினால், நாங்களும் அவளோடு சேர்ந்து கத்தியதுபோல் ஆகிவிடாதா? ஒருவரும் அசையவில்லை.

"ஒரே ஒருத்தருக்காக ஆஸ்பத்திரி நடத்த முடியாது மேடம்" என்று வருத்தத்துடன் சொல்லிவிட்டு மேடக்ஸ் போய்விட்டார். காபிக் கோப்பைகளைக் கழுவும்போது, வெர்னாவுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்திதான் என்று பேசிக்கொண்டோம்.

அந்தக் குளிர்காலத்தில், மூன்று மணி நேரத் தொலைவு ஆஸ்பத்திரியில் பால்மருக்கு முதலில் கால் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. பிறகு மீதியும். அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், நாங்கள் சிலர் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டுச் சுட்ட சாப்பாட்டை ஒரு பெரிய பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"சாப்பாடு கொண்டாந்தோம், வெர்னா. கூடவே ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்" என்றாள், மெதுவாக.

எங்களுக்குத் தெரியாத 'வேண்டாம்' இல்லை அது. இருந்தாலும் வற்புறுத்தக் கூடாதல்லவா?

"சரி, உன் இஷ்டம்" என்று சொல்லி, சூடு ஆறாத பாத்திரத்தை மறுபடி வண்டியில் ஏற்றினோம். வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். அந்தக் குளிரிலும் வெர்னா கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.