தும்மலுக்குப் பதில் சொன்ன இன்ஸ்பெக்டர்

தேவமாதா துணை

கோலசிலாங்கூர்,
செவ்வாய்க்கிழமை காலை

செகிஞ்சானில் இருக்கும் நாத்தனார் வெரோனிக்காவுக்கு, உன் செத்துப்போன அண்ணன் அந்தோணிதாஸின் பெண்சாதி தாயம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், மகள் ஜெனட், மருமகன் கில்பர்ட் எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் உன் மகள் ஃப்ளோரா கல்யாணத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரியை வேனில் ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க என்னை அண்டா குண்டானோடு லோரியில் ஏற்றி அனுப்பினாய். அன்றைக்கே உன்னோடு வாய் பேச மாட்டேன் என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். வாய் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம், எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன். அதனால் போன் போடாமல் இதைக் கில்பர்ட் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. உன் மகன் வழிப் பேரன் ஜோனாஸ் உயிரோடு இருக்கிறான். ஆனால் நீ ஃப்ளோராவிடம் பெருமை அடித்துக்கொண்டாயே, தாய்லாந்தில் ஹோட்டலில் கம்ப்யூட்டர் வேலை என்று, அது பொய்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. கோலாலம்பூர் இன்ஸ்பெக்டராம். என் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருளாம், எனக்கு வாரண்டாம், யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம், பேங்கில் இருப்பதை அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றினால் பத்திரமாக வைத்திருந்து கேஸ் முடிந்ததும் தருவார்களாம். பிறந்த தேதியைக் கேட்டான். “எந்தத் தேதி வேணும் சார்? எங்கம்மா பெத்த தேதியா, தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி எழுதின தேதியா?” என்றேன். “ஐசி கார்டுல உள்ளதச் சொல்லும்மா” என்றான். “அது கிராணி தூக்கத்துல எழுதினது, அத வச்சி என்னைப் பிடிச்சீங்கன்னா நீங்க பிடிக்கிறது வேற ஆள்” என்றேன். கால் மணி நேரம் இப்படியே போனது. அவனுக்கே அலுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் மிளகாய் கருகி, நான் வீடே அதிரத் தும்மினேன்.

உடனே அந்த இன்ஸ்பெக்டர், “அந்தோணியார் பிடிச்சிக்க” என்றான்.

என் மாமனார் சைக்கிளில் போகும்போது தும்மி, செம்பனைக் காட்டுக் காண் வாய்க்காலுக்குள் விழுந்த நாளிலிருந்து, யார் தும்மினாலும் விழாமல் புனிதர் பிடித்துக்கொள்ளட்டும் என்று உங்கம்மா சொல்ல ஆரம்பித்தது அது. நம் வீட்டைத் தவிர இந்தச் சிலாங்கூரில் ஒருத்தனும் அப்படிச் சொல்ல மாட்டான். அதிலும் அந்த இளவட்டக் குரலில், நம் வீட்டிலிருந்து வெளிநாடு போனவன் ஒருத்தன்தான். “டேய், நீ வெரோனிக்கா வளத்த பிள்ளையாடா? ஜோனாஸா?” என்றேன். அவன் மெதுவாக, “கோலசிலாங்கூர் ஆயாவா?” என்று கேட்டான் பாரு, எனக்குக் கையிலிருந்த நெத்திலியெல்லாம் கீழே கொட்டிவிட்டது.

“வைக்காதீங்க ஆயா, காவக்காரன் பின்னால நிக்கிறான், தமிழ் தெரியாது, சத்தத்ததான் பாப்பான். பயந்த மாதிரி அழுங்க லா” என்றான். நானும் அழுதேன். அவன், “உங்க மேல பெரிய கேஸ் இருக்கு!” என்று கத்துவான், அடுத்த மூச்சில், “வேலைன்னு கூட்டிவந்து அடச்சி வச்சிருக்காங்க, பாஸ்போர்ட்டப் பிடுங்கிட்டாங்க ஆயா” என்பான். நான், “ஐயோ சார், நான் கெழவி சார்!” என்று ஊளையிட்டுவிட்டு, “எந்த ஊருடா, அடையாளம் சொல்லு” என்பேன். இப்படியே ஒன்று ஒன்றாக வாங்கினேன். தாய்லாந்து எல்லையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மஞ்சள் கட்டடம், ஏழு மாடி. இவன் மூன்றாவது மாடி. கேட்டில் சிவப்பு யானை வரைந்திருக்கிறது, எதிரே டயர் கடை. நம் நாட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். கடைசியாக, “காசு மட்டும் போட்டுறாதீங்க ஆயா, எல்லாம் பொய்” என்றான். அதற்குள் யாரோ போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

சாயந்தரமே கில்பர்ட்டைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அத்தனையும் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பேப்பரைப் பார்க்காமல் சொன்னேன், அந்தப் போலீஸ்காரப் பிள்ளை இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தான். “மாக்சிக், காசு எவ்வளவு போச்சு?” என்று மலாய்க்காரர் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் கேட்டான். ஒரு சென் போகவில்லை, என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறக்க வேண்டும் என்றேன். ஆனால் காணாமல் போன ஆளுக்குச் சொந்தக் குடும்பம் வந்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை நீதானே வளர்த்தாய், நீதான் போக வேண்டும். பாஸ்போர்ட் நகல், போட்டோ, அவன் அனுப்பிய மெசேஜ் இருக்கும் போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். கில்பர்ட் உன் வாசலிலேயே நிற்பான். வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதே. அவன் திருடப் போகவில்லை, வேலைக்குத்தான் போனான். யார் என்ன சொன்னாலும் நான் சாட்சி.

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். ஃப்ளோராவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி
தாயம்மா

பின்குறிப்பு: போலீசிடம் ஒன்று மறைத்தேன், உன்னிடம் மறைக்க முடியவில்லை. சாயந்தரத்துக்குள் யாரிடமாவது காசு வாங்கிக் கொடுக்காதவனை வெளியில் நிறுத்தி அடிப்பார்களாம், கேட்டதற்கு அதையும் சொல்லிவிட்டான். போன் நின்றதும் பேங்குக்குப் போய், என் சவப்பெட்டிக்கும் குழிக்கும் வைத்திருந்த மூவாயிரம் வெள்ளிப் பணத்தை அவன் கத்திச் சொன்ன நம்பரில் போட்டுவிட்டேன். கில்பர்ட் இன்று காலை ரசீதைப் பார்த்துவிட்டு, “நல்லா ஏமாந்துட்டீங்க அத்தை” என்று தலையில் அடித்துக்கொள்கிறான். இன்றைக்கே ஸ்டேஷனில் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜோனாஸ் வந்து கேட்டால் நீயும் அப்படியே சொல், கிழவி ஏமாந்துவிட்டாள் என்று.