பிளசருக்கு எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலை. முதலாளியோட பிளசர் காரைத் தொடைச்சு வைக்கணும். பதினோரு மணிக்கு அவரு அதுல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. ராஜபாளையத்துல கார் வச்சிருந்தவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அதுல ஒருத்தருக்கு நான் டிரைவர். பேரு ஞானமுத்து. காருக்குச் சொந்தக்காரரைவிட எனக்குத்தான் மண்டைக்கனம் ஜாஸ்தி.

கார் பழசு. போன வாரம்தான் மதுரையில புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சு வாங்கிட்டு வந்தேன். அதுல மொகம் பார்த்து மீசையே ஒதுக்கலாம்!

பெயிண்ட் அடிச்சவரு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. "டிரைவரே, இது ரொம்ப இளசான பெயிண்ட். வறண்ட துணி ஆகாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது. தண்ணிய ஊத்தி, தூசி ஓடுன பொறவு, ஈரத்துணியால ஒத்தி எடுக்கணும்."

"சரி, சரி"ன்னு தலையாட்டிட்டு வந்தேன். பத்து வருஷம் பஸ் தொடைச்சவனுக்குப் பாடம் எடுக்காராம்!

இதுக்கு முந்தி இருந்த டிரைவரு, மட்கார்டுல ஒரே ஒரு கீறல் விழுந்ததுக்கு வேலை பறிபோனவரு. இப்ப மாட்டுவண்டி ஓட்டுதாரு. அது எனக்கு நல்லாவே தெரியும்.

தெரிஞ்சும் தோள்ல கிடந்த துண்டை எடுத்து, வரட்டு வரட்டுனு தொடைச்சேன். ஷெட்டுக்குள்ள பார்க்கப் பளபளனு இருந்துச்சு. வெளிய தள்ளி வெயில்ல நிறுத்துனேன். பானெட்டு முழுக்க மயிரிழை மயிரிழையாக் கோடு!

துண்டை விசிறி எறிஞ்சேன்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிறது ஞாபகம் வந்துச்சு. அந்த விளக்கு என்னமா மின்னும்! கிண்ணத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன். என் வீட்டுக்காரி எஸ்தர் வழிய மறிச்சா.

"நாளைக்கு வேதக்கோயில்ல பைபிள் சங்கீதம் வாசிக்கிற ஆளு, இன்னைக்கு விபூதி வாங்கவா போறிய? ஊரு என்ன பேசும்?"

"ஏட்டி, நெத்தியில பூசவா வாங்குதேன்? காருக்குத்தான்!"

"காரு என்ன சைவத்துக்கு மாறிருச்சாக்கும்?"

அவகிட்ட வாய் குடுக்க நேரமில்ல. விபூதிய வாங்கிட்டு வந்து, பஞ்சுல தொட்டு வட்டம் வட்டமாத் தேய்ச்சேன். செத்த நேரத்துல கோடெல்லாம் காணாமப் போச்சு. அதுக்குப் பதிலா வளையம் வந்துருச்சு. பானெட்டு, கதவு, பின்பக்கம், கை வச்ச இடமெல்லாம் வளையம்!

எஸ்தர் எட்டிப் பார்த்தா. திட்டுவான்னு நெனைச்சேன். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா, பாவம். என் வேலை போனா உலை கொதிக்காதுன்னு அவளுக்கும் தெரியும்ல.

"காஞ்ச தலைக்கு எண்ணெய் வச்சா மினுங்குதுல்ல? தடவித்தான் பாருங்களேன்."

தடவுனேன். அதிசயம்! ஒத்த வளையம்கூடத் தெரியல. நான் எஸ்தரைப் பார்த்துச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சு ஏத்துன வண்டி நாலஞ்சு வரிசையா ரோட்டுல போச்சு. காத்தும் அடிச்சுது. காருக்கு வெள்ளைத் தாடி மொளைச்சுருச்சு!

பஞ்சைப் பிச்சா எண்ணெய் இழுவுது, எண்ணெயைத் தொடைச்சா பஞ்சு அப்புது. எஸ்தர் சொன்னா, "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சாச்சு. இனி சீயக்காய் போட்டுத்தான ஆகணும்?"

அந்தப் பதட்டத்துல அது எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. சீயக்காய்ப் பொடியக் குழைச்சுத் தலைக்குத் தேய்க்கிற மாதிரியே பரபரனு தேய்ச்சு, ரெண்டு குடம் தண்ணிய ஊத்துனேன். எண்ணெய் போச்சு. பஞ்சும் போச்சு. வளையம் மட்டும் ஒண்ணுக்கு மூணா நின்னுச்சு.

டிரைவர் பக்கத்துக் கதவு ஒண்ணுதான் பாக்கி. அதுல நான் இன்னும் கை வைக்கல. அதுக்குள்ள முதலாளி பட்டு வேட்டியோட வந்து நின்னாரு.

குனிஞ்சு பார்த்தாரு. கண்ணு செவந்துருச்சு. அவரு ராஜாமாரு. கோவம் வந்தா வீட்டுல பேசுத தெலுங்குதான் வரும்.

"ஏமிரா இதி?"

மாட்டுவண்டி கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. என் வாய் தானாப் பேசுச்சு.

"இது சீமை வேலைப்பாடு முதலாளி. ஒசந்த பெயிண்ட்ல மட்டும்தான் இப்படி விழும். வெயில்ல பாருங்க, சூரியனைச் சுத்திக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பழகப் பழகத்தான் வெளிய வரும்."

அவரு பானெட்டைப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. மறுபடியும் பானெட்டைப் பார்த்தாரு.

"மதுரைக்காரன் இதச் சொல்லலையே?"

"தொழில் ரகசியம் முதலாளி."

மணியாச்சுன்னு ஏறி உட்கார்ந்தாரு. வழி நெடுக எனக்கு வேர்த்து ஊத்துச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாண வீட்டு வாசல்ல ஒரு வக்கீலு நின்னாரு. அவருக்கும் சொந்தக் காரு உண்டு. முதலாளிக்கும் அவருக்கும் எதுலயும் போட்டிதான். அவரு எங்க காரை ஒரு சுத்துச் சுத்தி வந்து, பானெட்டுல மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சாரு.

நான் 'ஏசப்பா'ன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

"ராஜா, இது என்ன வளையம் வளையமா?"

முதலாளி மேல்துண்டை இழுத்து விட்டுக்கிட்டாரு. "சீமை வேலை வக்கீல் சார். ஒசந்த பெயிண்ட்ல மட்டும்தான் விழும். உங்க வண்டியில இல்லையோ?"

வக்கீலு மொகம் தொங்கிப் போச்சு. அன்னைக்குச் சாப்பாட்டுல அவரு ரெண்டாந்தரம் பாயசம் வாங்கல. முதலாளி மூணு தரம் வாங்குனாரு.

திரும்பி வாரப்ப முதலாளி பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. நானும் வேலை தப்பிச்சுதுன்னு கடவுளுக்கு நன்றி சொல்லிக்கிட்டே ஓட்டுனேன். ஷெட்டுல இறங்குனவரு காரைச் சுத்திப் பார்த்துட்டு, சட்டுனு என் பக்கத்துக் கதவுகிட்ட நின்னாரு.

"ஏலே ஞானமுத்து! இந்தக் கதவுல மட்டும் ஏன் கோலம் விழல? மொட்டையா அசிங்கமா இருக்குல்ல?"

காருலயே மிச்சமிருந்த நல்ல கதவு அது ஒண்ணுதான்.

"வந்துரும் முதலாளி"ன்னேன்.

எஸ்தரைக் கூப்பிட்டுச் சீயக்காய் கொண்டு வரச் சொன்னேன். காலையில தெரியாமக் கெடுக்க நாலு மணி நேரம் ஆச்சு, உத்தரவு வாங்கிட்டுக் கெடுக்கக் கால் மணி நேரம்தான் ஆச்சு.