ஆர்விட்டுக்கு அடுத்த ஆள்

"பனி விழறதுக்குள்ள நான் அரிசோனா போயிடுவேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி!" என்று மார்லிஸ் பெட்டியைப் பூட்டினாள்.

அவள் கணவர் ஆர்விட் லுண்டீன், மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் அரசு வீட்டுவசதி வாரிய உறுப்பினர். ஐந்தாண்டுப் பதவிக்காலம் போன வருடமே முடிந்துவிட்டது. ஆனால் அடுத்தவர் உறுதிமொழி எடுக்கும்வரை பழையவர்தான் நீடிக்க வேண்டும் என்பது விதி.

"ராஜினாமா பண்ணித் தொலையேன்!"

"நான் எழுந்தா ஓட்டுப் போட ஆள் பத்தாது. முதியோர் குடியிருப்பைச் சூடாக்குற பாய்லர் இந்தக் குளிரைத் தாங்காது, அதை மாத்த ஓட்டு வேணும், மார்லிஸ். ஆளைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டு வர்றேன்."

மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஓய்வுபெற்ற ஆசிரியை கிளெண்டாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். அந்த வாரமே இன்னோர் உறுப்பினர் ஊர் மாறிப் போக, மேயர் கிளெண்டாவை அந்த இடத்தில் போட்டுவிட்டார்.

அடுத்து மரக்கடை ரோஜரைத் தாஜா செய்தார். "ஆள் பிடிக்கிறதுல ஆர்விட் கெட்டி!" என்று சொல்லி வேறோர் உறுப்பினர் முந்திக்கொண்டு விலகினார். ரோஜர் அங்கே போனார். புதியவர்கள் இருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அனுபவஸ்தர் என்று ஆர்விட்டையே தலைவராக்கிவிட்டார்கள்.

"தலைவரே, வீட்டம்மா அரிசோனாவுல தனியா வெயில் காயுறாங்களாமே?" என்று கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து எல்ராய் சீண்டினார். ஆர்விட்டுக்கு முன் அதே உறுப்பினர் நாற்காலியில் இருந்தவர். ஒரு கூட்டம் தவறாமல் வந்து டோனட் தின்பவர்.

"உமக்கு வேற வேலையே இல்லையா?"

"வேலை இருக்கப்போய்தானே வர்றேன்!"

ஆர்விட் விடவில்லை. மார்லிஸின் தம்பி கிளேட்டனை அடுத்த கூட்டத்துக்கு இழுத்து வந்தார். மேயரும் ஒருவழியாகச் சரி என்றார்.

"உறுதிமொழிக்குக் கையைத் தூக்குடா மச்சான். இல்லேன்னா உங்க அக்கா என்னைத் தலைமுழுகிடுவா!"

நகராட்சிச் செயலர் ஜாய்ஸ் விதியில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவள். "இருங்க. நீங்க எப்ப உறுதிமொழி எடுத்தீங்க, ஆர்விட்?"

"நானா? அன்னிக்குப் பனிப்புயல். அப்ப இருந்த செயலர் வரலை. எல்லாரும் கைகுலுக்கி காபி குடிச்சோம். உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன்."

"அப்புறமாவது எடுத்தீங்களா?"

"யாரும் கேக்கலையே!"

"அப்போ இந்த நாற்காலி யாரோடது?" என்றாள் ஜாய்ஸ்.

கடைசி வரிசையில் எல்ராய் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னோடதுதாம்மா. இவன் எப்ப உறுதிமொழி எடுப்பான், நான் எப்ப ஃப்ளோரிடா போவேன்னு ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்!"