மச்சாளுக்குப் பதிலாக மூன்று பேர்

என் கணவரின் ஒரே தங்கையை நான் ஒரு கொத்துரொட்டிக் கடையில் வைத்து மூன்று பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கை கால் வைத்து.

2011ஆம் ஆண்டு. நான் கலியாணம் முடித்து சிட்னிக்கு வந்து இரண்டு வருடம். துஷி, அதாவது என் மச்சாள், இங்கேயே வளர்ந்தவள். எந்த ரயிலில் ஏறுவது என்பதில் தொடங்கி எனக்கு எல்லாம் காட்டித் தந்தவள் அவள்தான். சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் அவள் பெரிய நட்சத்திரம். வீட்டில் அடைந்து கிடந்த என்னையும் தன் அணியில் சேர்த்துவிட்டாள். பந்து என் கைக்கு வந்ததைவிட மூக்குக்கு வந்ததுதான் அதிகம்.

அந்த வருடம் மூத்த வீராங்கனைகள் பிள்ளை பெறவும் மெல்பேர்னுக்குக் குடிபோகவும் என்று விலகிவிட்டார்கள். மிஞ்சியது துஷியும் என்னைப் போன்ற உதிரிகளும். தோல்விக்கு மேல் தோல்வி. விளையாடத் தெரியாதவளுக்கு ஒரு பதவியாவது இருக்கட்டும் என்று என்னை மனேஜர் ஆக்கினார்கள். வந்தது வினை. அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி இணையத்தில் விழுந்து விழுந்து வாசித்தேன். விழுந்துபோன அணியைக் கட்டியெழுப்ப வேண்டுமென்றால் நட்சத்திரத்தைக் கொடுத்து இளசுகளை எடுக்க வேண்டுமாம். எங்கள் போட்டியிலும் இரண்டு மனேஜர்மார் கையெழுத்திட்டால் ஆட்களை மாற்றலாம் என்று ஒரு விதி இருந்தது. அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. (ஏன் தொடவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.)

துஷியைக் கேட்டு இரண்டு அணிகள் வந்தன. பரமற்றா அணி உயரமான இரட்டைச் சகோதரிகளைத் தருவதாகச் சொன்னது. ஆனால் ஒருத்திக்குத் தடிமன் காய்ச்சல் என்றால் இரண்டு பேரும் வரமாட்டார்கள். பிளாக்டவுன் அணி ஆறடி உயர நேர்ஸ் ஒருத்தி, களைக்காமல் ஓடும், கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "இனித்தான் வளருவாள்" என்ற உத்தரவாதத்தோடு சின்னவள் ஒருத்தி என்று மூன்று பேரை நீட்டியது. கொப்பியில் கோடு போட்டு இரண்டு வாரம் யோசித்தேன். கணவரிடம் கேட்டேன். கிரிக்கெட் பார்த்தபடி "ஓம் ஓம்" என்றார். துஷியிடம் மட்டும் கேட்கவில்லை. ஒருத்திக்கு மூன்று பேர் என்றால் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். அப்போது என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடிக் கொத்துரொட்டிக் கடையில் பிளாக்டவுன் மனேஜர் ரஜனி அன்ரியைச் சந்தித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"துஷியை நாங்கள் முந்தியும் ரெண்டு தரம் கேட்டனாங்கள், தெரியுமோ?"

"இல்லையே அன்ரி. ஏன் வரேல்லையாம்?"

"மச்சாளையும் சேர்த்து எடுத்தால்தான் வருவன் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டவள். உம்மை எடுக்க எங்கட பிள்ளையள் ஒருத்தரும் சம்மதிக்கேல்லை. குறை நினைக்காதையும்."

கொத்துரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"அந்தப் பேப்பரை ஒருக்கால் தாங்கோ அன்ரி."

"தரமாட்டன் பிள்ளை." கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார்.

வீட்டுக்குப் போனால் துஷி குசினி வாசலில் போனும் கையுமாக நிற்கிறாள். பிளாக்டவுன் பிள்ளைகள் அதற்குள் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள்.

"மச்சாள், ஆர் யூ சீரியஸ்? என்னை ட்ரேட் பண்ணிட்டீங்களோ?"

"மூண்டு பேர் தந்தவை, துஷி." என் வாயில் வந்தது அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமி (துஷியைப் பெற்றவர்) கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "வீட்டுப் பிள்ளையைக் குடுத்துப்போட்டு வந்து எண்ணிக்கை சொல்லுறாள் பார்!"

கணவர் டிவியை நிறுத்தினார். "இது எப்ப நடந்தது?"

"நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்!"

மாமியின் பார்வை அவர் பக்கம் திரும்பியது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

துஷி அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். நான் வெளியே நின்று, "ரஜனி அன்ரி சொன்னவ. ரெண்டு தரமும் நீர் எனக்காண்டிப் போகேல்லையாம்" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்னை? நான் போனால் உங்களை ஆர் விளையாட விடப்போறாங்கள்?"

அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

துஷி பிளாக்டவுனுக்குப் போய்க் கோப்பை வென்றாள். எனக்குக் கிடைத்த மூன்று பேரில் நேர்ஸுக்குச் சனிக்கிழமைகளில் வேலை. களைக்காமல் ஓடுகிறவள் பேர்த் நகரத்துக்கே ஓடிவிட்டாள். சின்னவள் வளரவேயில்லை. அடுத்த வருடம் துஷி தன் புது அணியோடு மல்லுக்கட்டி என்னையும் எடுக்க வைத்தாள். எனக்குப் பதிலாக என் பழைய அணிக்குக் கொடுத்தது ஒரு பந்து. பாவித்துத் தேய்ந்த பந்து. அடுத்த சனிக்கிழமையே பழைய அணிக்காரர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "அவவுக்கு இது கூடிப்போச்சு அன்ரி" என்று ரஜனி அன்ரியிடம் கொடுத்தார்கள். என் காதால் கேட்டேன்.

துஷி கேட்டு வாங்கிவந்த அந்தப் பந்து இப்போது எங்கள் கராஜில் கிடக்கிறது. துஷி வரும்போதெல்லாம் என் மகளிடம், "அம்மாவைக் கொண்டு வா" என்று அதை எடுத்துவரச் சொல்லுவாள். மகள் பந்தை அமத்திப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் காத்துப் போயிட்டுது" என்று அறிவிப்பாள். மாமி ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்பதுபோல் சிரிப்பார். துஷி மட்டும் பம்பை எடுத்துவந்து காற்றடித்து வைத்துவிட்டுத்தான் போவாள்.