61-ஆம் எண் வீட்டில் பால் காய்ச்சிய விவரம்

செந்தூல், கோலாலம்பூர்
23.11.1986, ஞாயிறு

மரியாதைக்குரிய சேது மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அம்சவள்ளியின் கணவன் சின்னையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்சவள்ளியும், பிள்ளைகள் நவமணியும் பாலனும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் தோட்டத்தில் உள்ள எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இப்படித் தொடங்குவதுதான் முறை என்பதால் தொடங்கிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். இங்கு யாரும் நலமில்லை. உங்கள் தங்கை என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் நவமணியிடம் சொல்கிறாள், நவமணி என்னிடம் சொல்கிறாள். நேற்று உப்பு தீர்ந்துபோன செய்தி, இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நாங்கள் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பப்போகிறார்கள் என்பதும், டிசம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் பாலன் முதலாம் வகுப்பில் சேர வேண்டும். நடுவில் மார்கழி வருகிறது. மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் புது வீட்டில் பால் காய்ச்ச உங்கள் தங்கை சம்மதிக்க மாட்டாள். ஆக எனக்கு மீதம் இருப்பது மூன்று வாரம். அதற்குள் நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கோலாலம்பூரில் வீடு வாங்க நம்மால் ஆகாது, வெளியூரில் இருந்துகொண்டு வேலைக்கு வந்துபோகலாம் என்று முடிவு செய்ததும், பிள்ளைகளுக்கு ஏற்ற ஊர் எது என்று ஒரு பட்டியல் போட்டேன். தமிழ்ப்பள்ளி, கோயில், கிளினிக், பஸ். இந்த நான்கும் இருந்தால் போதும் என்று போன வருஷம் மே மாதம் நினைத்தேன். முதலில் பத்தாங் காலி போனோம். பள்ளி இருந்தது, கோயில் இருந்தது, மலைக்காற்றும் வந்தது. அங்கிருந்து எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து சேர முடியுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு நாள் லீவு போட்டு, முதல் நாளே அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் ரவாங் வரை வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், எங்களையும் இறங்கச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து ஆபீஸ் வாசலை மிதித்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. லீவு போட்ட மனிதன் வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். நான் நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளலாம் என்று உள்ளே இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கப் போனேன். மேனேஜர் பார்த்துவிட்டார். நல்ல சமயத்தில் வந்தாய் என்று கிள்ளானில் கொண்டுபோய்க் கொடுக்க மூன்று கடிதங்களைக் கையில் திணித்தார். கடிதம் கொண்டுபோவதுதானே என் வேலை! லீவும் போயிற்று, பத்தாங் காலியும் போயிற்று.

அடுத்தது உங்கள் கோலசிலாங்கூர். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் மச்சான், சொல்லத்தான் போகிறேன். அண்ணன் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அம்சவள்ளி அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். அன்று நீங்கள் வேலையாக இருந்ததால் நாங்கள் மட்டும் மலைக்குப் போய்ப் பார்த்தோம் அல்லவா? அங்கே ஒரு குரங்கு பாலனின் இடது கால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. முகர்ந்து பார்த்தது, முகத்தைச் சுளித்தது, ஆனாலும் கீழே போடவில்லை. அன்று முதல் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும், "அங்க கொரங்கு இருக்காப்பா?" என்று பையன் கேட்கிறான். பட்டியலில் அதையும் சேர்த்தேன். ஆனால் நான் அந்த ஊரை வேண்டாம் என்றது குரங்குக்காக இல்லை. அங்கிருந்து வேலைக்கு வந்துபோனால், நான் கிளம்பும்போதும் பிள்ளைகள் தூங்கும், திரும்பும்போதும் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவாக இருக்க எனக்கு மனமில்லை. இதைச் சொன்னபோது அம்சவள்ளி ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் சுங்கை சோ. ரவாங்குக்குப் பக்கம், பஸ் உண்டு, குரங்கு இல்லை. வரிசை வீடுகளாகப் புதிய தாமான் ஒன்று கட்டுகிறார்கள். அவர்கள் கொடுத்த விளம்பரத் தாளில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரு மர நிழலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மரம் இன்னும் நடப்படவில்லை, சிரிக்கிறவர்களும் யாரும் இல்லை, செம்மண் மட்டும் இருந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் வீட்டு எண் 61 என்றார்கள். போன மாதம் சாவி கொடுத்தார்கள். உங்கள் தங்கையே பஞ்சாங்கம் பார்த்து, நவம்பர் 21 வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் என்று நேரம் குறித்தாள். இந்த முறை எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் ஆறு தடவை சொன்னாள். அந்த 'இந்த முறை'க்கு அர்த்தம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மண்ணெண்ணெய் அடுப்பு, பால் சட்டி, தேங்காய், மாவிலை, சாமி படம், பாட்டிலில் பசும்பால் எல்லாவற்றோடும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வரிசையில் பன்னிரண்டு வீடு, ஐம்பது முதல் அறுபத்தொன்று வரை. எல்லாம் ஒரே அச்சு. எண்ணெய்ப் பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வீட்டுக் கதவில் 61 என்று எழுதியிருந்தது. எங்கள் சாவியும் திறந்தது. வாசலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பாலை ஏற்றினோம். பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அம்சவள்ளியின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். நான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் இன்னொரு பால் சட்டி வந்து நின்றது.

சட்டியைப் பிடித்திருந்தவள் லீலாவதி. கூட வந்தவர் அவள் புருஷன் சோமு, லோரி ஓட்டுகிறவர். அவர்களும் அதே பஞ்சாங்கம், அதே நேரம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு இப்போதுதான் ஐந்து மாதம். தோட்டத்து லயத்துவீட்டில் பிள்ளை பெறக் கூடாது, சொந்த வீட்டில்தான் என்று அடம்பிடித்து வாங்கியிருக்கிறார்கள். பின்னாலேயே தாமானின் ஜாகா, காவலுக்கு இருக்கிற கிழவர், வீட்டு வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது அம்பதாம் நம்பரு. இவங்க வீடு. பெயிண்டு அடிச்சவன் நம்பர மாத்தி எழுதிட்டான்லா. அறுவத்தொண்ணு அந்தக் கோடி. படத்தப் பாருங்க."

பார்த்தோம். படத்தில் அப்படித்தான் இருந்தது.

"ஐயோ, எவளோ வந்து என் வீட்டுல மொதப் பாலக் காச்சிட்டாளே!" என்று லீலாவதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க சாவிதானேம்மா தொறந்துச்சு?" என்று அம்சவள்ளி கேட்டாள். சோமு தன் சாவியைப் போட்டார். அதுவும் திறந்தது. வரிசை முழுவதற்கும் ஒரே பூட்டு. எனக்குச் சந்தேகம் வந்து செந்தூல் வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்தேன். நல்லவேளை, அது மட்டும் திறக்கவில்லை. லீலாவதி காய்ச்சாத பாலைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் போனாள்.

நாங்கள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டி இராகு காலம் பிறந்துவிட்டது. "இன்னிக்கு வேணாங்க, இன்னொரு நாள் வருவோம்" என்றாள் அம்சவள்ளி. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "வந்தது வந்துட்டோம், லீவு வேற போட்டிருக்கேன், மிச்சப் பால காச்சிட்டுப் போயிடலாம்" என்றேன். மிச்சப் பால் பாட்டிலோடு வாசல் வெயிலில் இருந்ததை நான் யோசிக்கவில்லை. அடுப்பில் ஏற்றினேன். திரிந்துவிட்டது. சட்டிக்குள் வெள்ளைக் கட்டியும் மஞ்சள் தண்ணீரும் தனித்தனியாக நின்றன. அவள் சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நவமணி வழியாகப் பேச ஆரம்பித்தது.

மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? 1982-இல் இந்தச் செந்தூல் வீட்டுக்கு வந்தபோதும் அவள் பால் காய்ச்ச வேண்டும் என்றாள். லோரிக்காரர் அவசரப்படுத்துகிறார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. நான்கு மாதத்தில் சின்னத்தாய் பிறந்தாள், ஐந்தே வாரத்தில் போய்விட்டாள். அந்தச் சின்னப் பொட்டலத்தை நான் தூக்க முடியாமல் நின்றபோது நீங்கள்தான் வாங்கிக்கொண்டு நடந்தீர்கள். என் அவசரத்தால்தான் பிள்ளை போயிற்று என்று அம்சவள்ளி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவள் சொல்லாமலே இருப்பதோடு நான்கு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். இப்போது அதே அவசரத்தை மறுபடியும் பண்ணிவிட்டேன். பால் திரிந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டேன், இடிக்கிறவர்கள் வந்து இடிக்கட்டும், உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள். இதையும் நவமணிதான் வந்து சொன்னாள். ஒன்பது வயசுப் பிள்ளை, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான். பால் திரிந்தது வெயிலின் குற்றம், வீட்டின் குற்றம் இல்லை என்று எழுதுங்கள். உங்கள் பேச்சை அவள் தட்ட மாட்டாள். என் குற்றமும் இல்லை என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தோட்டத்தில் விசாரிப்பவர்களிடம் நாங்கள் புது வீடு வாங்கிய விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், மற்றதைச் சொல்ல வேண்டாம். கடவுள் உங்கள் குடும்பத்தையாவது நேரான எண் போட்ட வீட்டில் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
சின்னையா

பின்குறிப்பு (27.11.1986, வியாழன்): மேலே உள்ளபடி எதையும் எழுத வேண்டாம். ஊரார் கடிதத்தையெல்லாம் ஒரு நாள் பிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்கிற நான், என் கடிதத்துக்கு ஸ்டாம்பு வாங்க மறந்து நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதற்குள் எல்லாம் மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சோமு என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். இன்னொருத்தி முதல் பால் காய்ச்சிய வீட்டுக்கு லீலாவதி வர மாட்டாளாம், இரண்டு வீட்டையும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இருவரும் வீடு விற்ற கம்பெனிக்குப் போனோம். அங்கிருந்த சீனப் பெண், சோமு கொண்டுவந்திருந்த ஜாகாவின் வரைபடத்தை வாங்கினாள், ஒரு முறை பார்த்தாள், அப்படியே மேல் கீழாகத் திருப்பி வைத்தாள். "தெர்பாலிக்லா, அங்கிள்" என்றாள். கிழவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பெயிண்டு அடித்தவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். பால் பொங்கிய வீடு எங்கள் வீடுதான், மச்சான்! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. பிறகுதான் சோமுவின் முகத்தைப் பார்த்தேன். பால் திரிந்த வீடு அவருடையது. திரிய வைத்தவன் நான்.

"அவகிட்ட நான் எப்படிண்ணே சொல்லுவேன்?" என்றார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொன்னதும், லயத்துவீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன், அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று லீலாவதி படுத்துவிட்டாளாம்.

இதை வீட்டில் சொன்னேன். அம்சவள்ளி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப திரிஞ்ச பாலு அந்தப் புள்ளைக்கா?" என்று கேட்டாள், என்னிடமே நேராக. நேற்று என்னை மறுபடியும் லீவு போட வைத்து, புதுப் பால் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் அவர்கள் இருக்கும் தோட்டத்து லயத்துக்கே கூட்டிப்போனாள். டிசம்பர் பதினோராம் தேதி வியாழக்கிழமை இரண்டு வீட்டிலும் சேர்ந்து காய்ச்சுவோம், இன்றைக்கு உன் கையால் இந்தப் பாலைக் காய்ச்சிக் குடி என்று சொல்லத்தான் போனாள். நீங்களும் அக்காவும் பதினோராம் தேதி அவசியம் வர வேண்டும்.

நான் பாட்டிலோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே லீலாவதி அழுதுகொண்டே, பால் திரிந்தால் பிள்ளை தங்காது என்று எல்லாரும் சொல்கிறார்களே அக்கா என்றாள்.

அம்சவள்ளி சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாலுக்கும் புள்ளைக்கும் என்னாடி இருக்கு? நானும் ஒண்ணப் பறிகொடுத்தவதான். நெஞ்சுச் சளி கட்டிப் போச்சு. டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. பால் காச்சாததால இல்ல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

நான்கு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தையை யாரோ ஒருத்தியிடம் சொன்னாள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கும் வரை வெயிலிலேயே நின்றேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பாலும் திரிந்துவிட்டது, மச்சான். அம்சவள்ளி வெளியே வந்து பாட்டிலைப் பார்த்தாள், வாங்கிக் கால்வாயில் ஊற்றினாள், "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.