ஆயுத அத்தியாயத்தில் நாற்பத்தொரு வேல்

காரைக்குடியிலிருந்து மலேசியாவுக்கு ஆயுதம் அனுப்பிய பெண் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சுங்க ஆவணத்தில் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியதும் நானே.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம் முடித்த கையோடு மதுரையில் பதினைந்து நாள் ஏற்றுமதிப் பயிற்சிக்குப் போய்வந்தேன். கப்பலேறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, அதை வைத்துத்தான் எவ்வளவு தீர்வை, என்ன அனுமதி என்று சுங்கத்தில் முடிவு செய்வார்கள், அந்த எண்களெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக ஒரு தடித்த புத்தகத்தில் இருக்கின்றன என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அம்மா கொத்தமல்லி எடுத்துவரச் சொன்னால், "விதையா, இலையா? ரெண்டும் வேற வேற அத்தியாயம்மா" என்பேன். (அம்மா கரண்டியைத் தேடுவார்.) "இந்தப் புள்ளைய எந்த அத்தியாயத்துல சேத்து, எவன் தலையில கட்டப்போறேன்னு தெரியலையே" என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் மீனாட்சி ஆச்சியின் பித்தளைச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். (ஆச்சி என்றதும் பல் போன கிழவியை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணமாகிவிட்டால் ஆச்சிதான். இவருக்கு நாற்பது வயது. ஸ்கூட்டரில் வந்தால் தெருவே ஒதுங்கும்.) அதுவரை சென்னை வியாபாரிகள் மூலமே வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிவந்த ஆச்சிக்கு, முதன்முதலாக நேரடி ஆர்டர் வந்திருந்தது. மலேசியாவில் ஒரு முருகன் கோவிலுக்கு, தைப்பூசத்துக்காக, ஆறடி வேல் ஒன்று, கைவேல் நாற்பது, கூடவே கொஞ்சம் மணியும் விளக்கும்.

"வாக்குக் குடுத்துட்டேன் வள்ளி. இந்தக் கப்பல விட்டா பூசத்துக்குப் போய்ச் சேராது. அப்புறம் ஒருத்தரும் என்னைய நம்பி நேராக் கேக்க மாட்டாக" என்றார் ஆச்சி.

ஆமாம், என் பெயர் வள்ளி. இந்தக் கதையில் அது தனிக் கொடுமை.

தூத்துக்குடியில் எங்களுக்காக ஆவணம் தாக்கல் செய்யும் ஏஜென்ட் சையது பாய் போனிலேயே சொன்னார். "எல்லாத்தையும் பித்தளைச் சாமான்னு போட்டு அனுப்பும்மா. எப்பவும் அப்படித்தான் போகுது." சொல்லிவிட்டு மகள் நிக்காஹுக்கு லீவில் போய்விட்டார். எப்பவும் போகிற மாதிரி போவதற்கா நான் மதுரை வரை போய்ப் படித்தேன்? புத்தகத்தைப் பிரித்தேன். மணிக்கு மணி எண், விளக்குக்கு விளக்கு எண். வேலுக்கு வந்ததும் யோசித்தேன். நீளமான தண்டு, கூரான முனை. ஆயுத அத்தியாயத்தில் "வாள், ஈட்டி, அவை போன்றவை" என்றிருந்தது. அந்த "அவை போன்றவை"யைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துப்போனது.

"ஈட்டியா?" என்றார் ஆச்சி.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க ஆச்சி. சூரபத்மன முருகன் எத வச்சுக் கொன்னாரு?"

ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "படிச்ச புள்ள. சரியாத்தான் இருக்கும்" என்றார். ஈட்டி, பித்தளை, நாற்பத்தொன்று என்று ஆங்கிலத்தில் அழகாக டைப் செய்து அனுப்பினேன். பாய் ஆபீஸில் அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பாய் ஆபீஸிலிருந்து போன் வந்தது. சுங்கத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். ஆயுத ஏற்றுமதிக்கு லைசன்ஸ் எங்கே, நாற்பத்தொரு ஈட்டியும் யாருக்கு என்று கேட்கிறார்களாம். மறுநாள் சாயங்காலம் கப்பல். ஆச்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கார எடுக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். தூத்துக்குடி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பயத்திலும், என் எண் சரிதான் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்தத் திமிரை என்ன சொல்ல.

துறைமுகக் கிடங்கில் எங்கள் பெட்டியைத் தனியாக வைத்திருந்தார்கள். சுங்க அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"இதத் தயார் பண்ணுனது யாரு?"

"நான்தான் சார். வள்ளி."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "வள்ளியா? முருகன் வேல ஈட்டின்னு எழுதுனது வள்ளியா?"

பெட்டியைப் பிரித்தார்கள். வைக்கோலை விலக்கி ஆறடி வேலை நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். பித்தளை தகதகவென்று மின்னியது. அவர்களில் ஒருவர் ஓடிப்போய், வாசல் ஜூஸ் கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து முனையில் குத்தினார். பழம் சரக்கென்று இறங்கியது.

"பாத்தீகளா சார், எம்புட்டுக் கூர்மை" என்றேன் நான், வெற்றிக் களிப்பில்.

ஆச்சி என் காலை ஓங்கி மிதித்தார். அதிகாரி என்னையே பார்த்தார். "ஏம்மா, நீ எந்தக் கட்சி?"

அப்புறம் நிதானமாகச் சொன்னார். "உருவத்த மட்டும் பாத்தாப் போதாதும்மா. பொருளோட உண்மையான குணம் எதுன்னும் பாக்கணும். அங்க பாரு."

பார்த்தேன். தூக்கி நிறுத்திய நாலு பேரும் எப்போது செருப்பைக் கழற்றினார்களோ தெரியாது, வெறுங்காலோடு நின்றார்கள். ஒருவர் தலைக்குமேல் கை கூப்பியிருந்தார். பக்கத்துப் பெட்டி ஆட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டார்கள்.

"ஈட்டியப் பாத்து எவனாவது செருப்பக் கழட்டுவானா?" என்றார் அதிகாரி.

அங்கேயே ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். முருகப்பெருமானின் வேலை ஆயுதம் என்று என் அறியாமையால் குறிப்பிட்டுவிட்டேன், அது பித்தளைப் பூசைச் சாமான்தான், மன்னித்து அனுமதிக்கவும், இப்படிக்கு வள்ளி. கையெழுத்தைப் படித்ததும் அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிளம்பியதிலிருந்து வாய் திறக்காத ஆச்சியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சரக்கு கப்பலேறியது.

பூசத்தன்று மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கூட்டத்துக்கு நடுவே எங்கள் ஆறடி வேல், முனையில் எலுமிச்சம்பழம். ஆச்சி அதைக் கடையில் மாட்டினார். பக்கத்திலேயே என் கடிதத்தின் நகலுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிக்கப் போனதும் அந்தக் கடைக்குத்தான். (கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாராம் என் மாமியார்.)

இன்றைக்கும் நான் அரிவாள்மனையை எடுத்தால் வீட்டில் யாராவது லைசன்ஸ் கேட்பார்கள். பழனிக்குப் பாதயாத்திரை எங்கள் தெரு வழியாகப் போகும்போது, வேல் நெருங்கிவர, கூட்டமே கை கூப்பி நிற்கும். அந்த நேரம் பார்த்து என் கணவர் காதோரம் குனிந்து, "எந்த அத்தியாயம் வள்ளி?" என்பார்.

அவரை முறைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவேன்.